நடைபாதையில் வாழும் பெண்கள் காப்பகத்துக்கு வர மறுக்கிறார்கள்: களப்பணியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வால்டாக்ஸ் சாலை களப்பணியாளர்

அனைவருக்கும் வணக்கம். சென்னை மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களுள் பெண்களுக்கான ஒன்றை நடத்திவரும் தொண்டு நிறுவனத்தில் அண்மையில் களப்பணியாளராகச் சேர்ந்திருக்கிறேன். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் சுற்றுப்புறம், வால்டாக்ஸ் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை, பாரிமுனை, ராயபுரம் ஆகிய இடங்களில் இரவில் சுற்றிவந்து, நடைபாதையில் உறங்கும் பெண்களைச் சந்தித்துக் காப்பகத்துக்கு அழைத்து வருவதும், பிறகு அவர்களுக்கு நிலையான இருப்பிடம் கிடைக்க வழிசெய்வதும் என் பணி என்று நியமன ஆணையில் எழுதியிருக்கிறது.

நான் சந்திக்கும் பெண்கள் ஒரே வகையினர் அல்லர். பாட்டி காலத்திலிருந்து ஒரே நடைபாதையில் குடும்பமாக இருந்து, அங்கேயே பிறந்து அங்கேயே மணம் முடித்தவர்கள் பலர். கணவனின் அடி தாங்காமல் வெளியேறியவர்கள், பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள், மனநோயால் ஊர் பெயர் சொல்ல இயலாமல் அலைபவர்கள் எனத் தனித்திருப்போரும் பலர். இவர்கள் எல்லாரிடமும், "காப்பகத்தில் படுக்கை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, வாருங்கள்" என்று ஒரே வாசகத்தைத்தான் நாங்கள் சொல்கிறோம். பெரும்பாலோர் மறுக்கிறார்கள். சிலர் வந்து ஓரிரு இரவுகள் தங்கிவிட்டுச் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். நிர்வாகமோ மாதந்தோறும் எத்தனை படுக்கைகள் நிரம்பின என்பதையே கேட்கிறது.

மறுக்கும் பெண்ணை மேலும் மேலும் வற்புறுத்துவது முறையா? கையில் ஒரு காகிதமும் இல்லாத பெண்ணுக்கு எந்த ஆவணத்திலிருந்து தொடங்க வேண்டும்? காப்பகத்திலிருந்து வீட்டுக்குச் செல்ல உண்மையிலேயே ஒரு வழி இருக்கிறதா, அல்லது காப்பகமே கடைசி நிறுத்தமா?

குறிப்பாக ஒரு பெண்ணின் நிலை என்னை உறுத்துகிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவன் குடித்துவிட்டு அடிப்பதால் வாடகை வீட்டை விட்டு இரண்டு பிள்ளைகளுடன் வந்தவர். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்குப் பதினான்கு. பெண்கள் காப்பகத்தில் அந்த வயது ஆண்பிள்ளைக்கு இடமில்லை. "பையனை விட்டுட்டு நான் மட்டும் எப்படி வர்றது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: ஓய்வுபெற்ற சமூக அமைப்பாளர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன். மற்றவற்றுக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

காப்பகத்துக்கு வர மறுக்கும் பெண்ணை அறியாதவள் என்றோ பழகிப்போனவள் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்தால் அவள் எதை இழப்பாள் என்று கணக்குப் பார்த்தால் மறுப்பின் காரணம் விளங்கிவிடும். பாரிமுனையில் பூக்கட்டி விற்பவள் விடியுமுன் பூக்கடைப் பகுதியில் மொத்தக் கடைக்காரரிடம் நிற்க வேண்டும். சௌகார்பேட்டையில் வீட்டுவேலை செய்பவள் காலை ஆறு மணிக்கு முதலாளி வீட்டு வாசலில் இருந்தாக வேண்டும். கொத்தவால் சாவடியின் மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் அந்தத் தெருக்களில் எஞ்சிய கடைகளை நம்பிப் பூண்டு உரிப்பது, மூட்டை தைப்பது என்று கூலிக்கு இருக்கும் பெண்களுக்கு, வேலை கொடுப்பவர் காலையில் தேடி வருவதே அந்த நடைபாதைக்குத்தான். அவள் இடத்தை விட்டுப் போனால் அன்றைய கூலி போகும். சில இரவுகள் தொடர்ந்து போனால் அந்த இடமே வேறொருவருக்குப் போய்விடும். தகரப்பெட்டி, அடுப்பு, இரண்டு குடம், பிள்ளையின் பள்ளிப்பை ஆகிய இவ்வளவும் அவளுக்குக் குடித்தனம். இவற்றை எங்கே வைப்பது என்று நீங்கள் சொல்லாதவரை உங்கள் அழைப்பு அவளைப் பொறுத்தவரை முழுமையானதன்று.

அடுத்தது பாதுகாப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நடைபாதை ஆபத்து, காப்பகம் பாதுகாப்பு என்று தோன்றும். அந்தப் பெண்கள் தாங்களாகவே கட்டிவைத்திருக்கும் காவலை நீங்கள் கவனித்துப் பாருங்கள். விளக்கு எரியும் கடையின் முன்புதான் படுப்பார்கள். அந்தக் கடைக் காவலாளி அவர்களுக்குத் தெரிந்தவராக இருப்பார். வயதுக்கு வந்த பெண்களை நடுவில் படுக்கவைத்துக் கிழவிகள் ஓரத்தில் படுப்பார்கள். கைக்குழந்தைக்காரி தன் முந்தானையைக் குழந்தையின் கணுக்காலில் முடிச்சிட்டுக்கொண்டு தூங்குவாள். யாரேனும் தூக்கினால் முடிச்சு இழுத்து அவளை எழுப்பிவிடும். இரவில் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். சிறுநீர்த் தொற்று அவர்களிடையே ஓயாத நோயாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்வளவு கஷ்டத்துடன் அமைத்துக்கொண்ட ஏற்பாட்டை விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஒரு கூடத்தில் வந்து படு என்று சொல்வதற்கு, உங்கள் மீது அவர்களுக்கு நம்பிக்கை வந்திருக்க வேண்டும்.

அந்த நம்பிக்கை வராததற்குப் பழைய காரணம் ஒன்றுண்டு. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் இருந்துவருகிறது. வண்டி வந்து அள்ளிக்கொண்டு போன கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். நடுராத்திரியில் வாகனத்தோடும் அடையாள அட்டையோடும் நீங்கள் போய் இறங்கினால் முதலில் எழும் எண்ணம் அதுதான். ஆகவே முதல் சில சந்திப்புகளைப் பகலில், சமையல் முடிந்து ஓய்ந்திருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டைத் திறக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், பெயர் கேட்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூடப் போய்ச் சீட்டு வாங்கிக் கொடுங்கள். காப்பகம் என்ற சொல்லை அவர்களே எடுக்கட்டும்.

வற்புறுத்துவது முறையா என்றால், முறையன்று. உச்ச நீதிமன்றம் 2010 முதல் உணவுரிமை வழக்கில் பிறப்பித்த ஆணைகளில், நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. அதையொட்டி 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வந்த திட்டம் ஒரு நபருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்று வகுத்தது. இவையெல்லாம் அரசின் கடமையைச் சொல்பவையே தவிர, வீடற்றவர் வந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துபவை அல்ல. உங்கள் காப்பகத்தில் பகலில் கதவைப் பூட்டுகிறார்களா, அதிகாலை நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்புபவளுக்குத் திறந்துவிட ஆள் இருக்கிறதா, பெட்டி வைக்கப் பூட்டுள்ள அறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படுக்கை நிரம்பவில்லை என்று நிர்வாகம் கேட்டால் இவற்றைத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோரைப் பிப்ரவரி 28ஆம் தேதி ஓர் இரவில் எண்ணி, நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் என்றது. கண்ணில் படாமல் ஒதுங்கிப் படுப்பதையே பாதுகாப்பாகக் கருதும் தனிப்பெண்களில் எத்தனை பேர் அந்த ஓர் இரவில் கணக்கெடுப்பாளரின் கண்ணில் பட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.


பதில் 2: ஆவண உதவித் தன்னார்வலர்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் ஆதாரிலிருந்தே தொடங்குகிறார்கள். வேறு எந்தக் காகிதமும் இல்லாத பெண்ணுக்கு நான் வாக்காளர் அட்டையிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஏனென்றால் அதில்தான் நடைபாதையே முகவரியாக ஏற்கப்படுகிறது. வீடற்றவர் படிவம் 6இல் தாம் உறங்கும் இடத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே சென்று அவர் உண்மையிலேயே அங்கு உறங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஓர் இரவோடு நில்லாமல் மீண்டும் ஓர் இரவு செல்ல வேண்டும். உறுதியானால் இருப்பிடத்துக்கு வேறு ஆவணச் சான்று தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். பல அலுவலர்களுக்கு இது தெரிவதில்லை. அதன் நகலை எடுத்துச் சென்று காட்டிப் பணிவாகப் பேசுங்கள். அவர் வரும் இரவில் நீங்களும் கூட இருங்கள். அந்நிய ஆண் ஒருவர் வந்து எழுப்பினால் அந்தப் பெண் இடத்தை மாற்றிக்கொண்டு போய்விடக்கூடும். "இந்தக் கடை எண், எதிர்ப்புறம் இந்த மின்கம்பம்" என்ற அளவுக்கு இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள்.

ஆதாருக்கு உங்கள் காப்பகமே கை கொடுக்கும். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையம் வகுத்த படிவத்தில், புகைப்படம் ஒட்டிக் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழ் ஏற்கப்படுகிறது. 18 வயது கடந்தவருக்கு முதன்முறைப் பதிவு என்றால் மாநில அரசின் சரிபார்ப்பும் உண்டு, ஆதலால் நாளாகும் என்பதை அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாங்கித் தருகிறேன் என்று நாள் குறித்துச் சொல்லி அது தள்ளிப்போனால் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் எளிது. வடசென்னையில் நடைபாதைக் குடும்பங்களின் பிள்ளைகளில் மிகப் பலர் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தவர்கள். பதிவு மாநகராட்சியில் இருக்கும். தாயின் பெயரும் ஏறத்தாழப் பிறந்த தேதியும் தெரிந்தால் தேடி எடுத்துவிடலாம். அந்தச் சான்றிதழில் தாயின் பெயர் இருப்பதால், அவளுக்கும் அது ஒரு பிடிமானம் ஆகிறது.

உதவித்தொகைகளுக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியரிடம் செல்ல வேண்டும். 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். முதியோர், விதவையர் என்பதைத் தவிர, கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 30 வயது நிரம்பியிருக்க வேண்டும்; கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகளேனும் ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் பிரிவு பெற்றிருக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு: வீட்டை விட்டு வந்த முதல் ஆண்டில்தான் அந்தப் பெண்ணுக்குப் பணம் தேவை, ஐந்தாவது ஆண்டில் அவள் ஒன்று பிழைத்திருப்பாள், இல்லையேல் சீரழிந்திருப்பாள்.

குடும்ப அட்டை கடைசியில் வரட்டும். கள ஆய்வுக்கு வருபவர் தனிச் சமையல் உண்டா என்று பார்ப்பார். நடைபாதை அடுப்பைச் சமையலறையாக ஏற்க வைப்பதற்குப் பெரும்பாடு பட வேண்டியிருக்கும். வாடகைக்கு ஓர் அறை கிடைத்த மறுநாளே விண்ணப்பியுங்கள்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். வாங்கித் தரும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் நகலெடுத்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி உறையிட்டுக் காப்பக அலமாரியில் வையுங்கள். மழையிலும், நடைபாதையைக் காலி செய்யும் நாளில் பொருள்களை லாரியில் அள்ளிப் போடும்போதும் முதலில் தொலைவது அந்தப் பிளாஸ்டிக் பைதான்.


பதில் 3: வழக்கறிஞர், குடும்ப நீதிமன்றம்

இரண்டு பிள்ளைகளுடன் வந்திருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். புதிய இருப்பிடம் தேடுவதற்கு முன்னால், பழைய வீட்டில் அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும், வாடகை வீடாகவே இருந்தாலும், கணவனுடன் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீடும் இதில் அடங்கக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. 19ஆம் பிரிவின்படி, கணவனை அந்த வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லவும், அல்லது அதே தரத்தில் வேறு இருப்பிடம் ஏற்பாடு செய்யவோ அதற்கான வாடகையைச் செலுத்தவோ ஆணையிடவும் நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு. இடைக்கால ஆணையும் கேட்கலாம்.

இதற்கு அவர் வழக்கறிஞர் கட்டணம் எதையும் செலுத்த வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்கள் அனைவரும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் குடும்ப நிகழ்வு அறிக்கையைப் பதிவு செய்யுங்கள். 181 என்ற எண்ணில் அழைத்தால் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள்.

காகிதத்தில் ஆணை பெறுவது ஒன்று, தினக்கூலிக் கணவனிடமிருந்து மாதா மாதம் வாடகையைப் பெறுவது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆணை பெற்றும் ஒரு ரூபாயும் கைக்கு வராத கட்சிக்காரர்கள் எனக்கு உண்டு. ஆனாலும் வழக்குப் பதிவானால், "தானாக ஓடிப்போனவள்" என்று கணவன் வீட்டார் பின்னாளில் சொல்வதற்கு எதிராகப் பிள்ளைகளின் பொறுப்பு வழக்கில் அது நிற்கும்.

முதிய பெண்கள் விஷயத்தில் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை மறக்காதீர்கள். அச்சட்டம் வந்த பிறகு, பார்த்துக்கொள்வதாகச் சொன்னதை நம்பி மகனுக்கு வீட்டைத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்த தாய்மார்களை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். பராமரிப்பதாக நிபந்தனை இருந்து அது மீறப்பட்டிருந்தால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு 23ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த ஆயாவுக்குக் காப்பகப் படுக்கை தேவைப்படுவது வழக்கு முடியும்வரைதான்.


பதில் 4: பெரும்பாக்கம்வாசி

நான் களப்பணியாளர் அல்லள். பாரிமுனை நடைபாதையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பெரும்பாக்கத்தில் வாரியக் குடியிருப்பில் அம்மாவுடன் இருக்கிறேன். பட்டப்படிப்பு முடித்து ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். காப்பகத்திலிருந்து வீட்டுக்குப் போக வழி இருக்கிறதா என்ற மூன்றாவது கேள்விக்கு, அந்த வழியில் நடந்த குடும்பம் என்ற முறையில் எழுதுகிறேன்.

1970இல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அலுவலகம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வீடு ஒதுக்குகிறது. பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டடுக்குக் கட்டடங்கள். வீடு ஒதுக்கிய நாளோடு தங்கள் வேலை முடிந்ததாகத் தொண்டு நிறுவனத்தார் போய்விட்டார்கள். எங்களுக்கோ அன்றுதான் பிரச்சினை தொடங்கியது. அம்மா பூ வியாபாரம் செய்பவர். பெண்களுக்கு மாநகரச் சாதாரணப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லை என்பது உண்மை. ஆனால் விடிவதற்கு முன் பூக்கடையில் இருக்க வேண்டியவருக்குப் பெரும்பாக்கத்திலிருந்து எந்தப் பேருந்து? ஆகவே பல மாதங்கள் வாரத்தில் பாதி நாள் அவர் பழைய நடைபாதையிலேயே படுத்துக்கொண்டார். எங்கள் பிளாக்கில் இப்படிப் பல பெண்கள் இருந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்து, "வீடு கொடுத்தாலும் ரோட்டைத்தான் தேடிப் போகிறார்கள்" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது எங்களைப் புண்படுத்தியது.

இதற்காக, தூரத்தில் கொடுக்கும் வீட்டை வாங்காதே என்று சொல்லிக் கொடுக்கும் அமைப்புகளோடு நான் உடன்படவில்லை. மேலே எழுதிய பெரியவர் நடைபாதையின் காவல் ஏற்பாட்டைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மை. அதே நடைபாதையில், ஆள் நடமாட்டம் தொடங்குமுன் குளித்தாக வேண்டும் என்று அம்மா அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து, என்னை எழுப்பி, இரண்டு பேர் புடவையை விரித்துப் பிடிக்க அடிபம்பின் அருகே குளித்துவிட்டு, ஈரத்துணியின் மேலேயே உலர்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு மாற்றியதும் உண்மை. மாதவிலக்கு நாள்களில் துணியை எங்கே அலசுவது, எங்கே காயவைப்பது என்பது பெரியதொரு கவலை. பெரும்பாக்கத்தில் லிப்ட் ஓடாத நாளில் மாடி ஏறும்போது அம்மா வாரியத்தைத் திட்டுவார். திரும்பப் போகலாமா என்று கேட்டால் என்னைத் திட்டுவார்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வாரியத்தில் விண்ணப்பிக்கும்போது மூலக்கொத்தளம், புளியந்தோப்பு போன்று வேலைக்கு அருகிலுள்ள குடியிருப்புகளில் ஒதுக்கக் கோரி எழுத்தில் கொடுங்கள். ஒதுக்கீட்டு ஆணை பெண்ணின் பெயரில் இருக்கட்டும். கணவன் பெயரில் வந்த வீடு அடமானத்துக்கோ மேல்வாடகைக்கோ போய்விட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயனாளி பங்குத்தொகை எவ்வளவு, அதைத் தவணையாகக் கட்டலாமா, கடனென்றால் யாரிடம் என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள்; கந்துவட்டிக்காரர் உங்களுக்கு முன்பே அங்கே வந்து நிற்பார். குடியேறிய பின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கடை மாற்றம், எரிவாயு இணைப்பு, மின் கட்டணம் ஆகியவற்றுக்காக ஓர் ஆண்டாவது வந்து போங்கள். தனிப்பெண்களுக்கு ஒதுக்கீடு கேட்பதில் இன்னும் உறுதியாக இருங்கள். குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுப்பதில் ஒற்றை ஆளாக இருக்கும் ஆயாக்கள் விடுபட்டுப் போவதை எங்கள் தெருவிலேயே கண்டோம்.


பதில் 5: மனநலச் சமூகப்பணியாளர்

சுருக்கமாக ஒன்று. மனநோயுடன் அலையும் பெண்களை மற்றவர்களோடு சேர்த்து ஒரே அழைப்பால் அழைக்க முடியாது என்று நீங்கள் உணர்ந்திருப்பது சரி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, தம்மைக் காத்துக்கொள்ள இயலாத நிலையில் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்கும் பொறுப்பைக் காவல் நிலையத்துக்குத் தருகிறது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடவும் சொல்கிறது. காவலர்கள் தயங்கினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். வண்டியில் ஏற்றும்போது பெண் காவலர் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அரசின் அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இதற்காகவே 2018 முதல் பல மாவட்டங்களில் வந்தன.

குணமான பிறகு எங்கே போவது என்பதே கடினமான கட்டம். வீட்டார் ஏற்காத பெண்கள், நோய் தணிந்த பின்னும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ காப்பகத்திலோ ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பு, 2015 முதல், இத்தகைய பெண்கள் நான்கைந்து பேரை ஊருக்குள் ஒரு வாடகை வீட்டில் சேர்த்துக் குடியமர்த்தி, தேவைப்படும் அளவுக்கு உதவியாளரை வைத்து வாழச் செய்துவருகிறது. சமைப்பது யார், தொலைக்காட்சியில் எந்த அலைவரிசை என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். சமூகத்தில் வாழும் உரிமையை அச்சட்டத்தின் 19ஆம் பிரிவும் சொல்கிறது. உங்கள் காப்பகத்தில் நீண்ட காலமாக இருக்கும் பெண்களில் யாருக்கு இது பொருந்தும் என்று பாருங்கள். எல்லாருக்கும் தனி வீடு வேண்டியதில்லை, சேர்ந்து வாழ விரும்புவோரும் இருக்கிறார்கள்.


கேள்வி கேட்டவர்: வால்டாக்ஸ் சாலை களப்பணியாளர்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. எங்கள் காப்பகத்தில் பகலில் கதவு பூட்டப்படுவதில்லை, ஆனால் பெட்டி வைக்க அறை இல்லை; அதை எழுத்தில் கேட்கிறேன். படிவம் 6 பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. பெரும்பாக்கம் சகோதரி எழுதியதை எங்கள் குழுவில் படித்துக் காட்ட அனுமதி வேண்டும்.

அந்தத் தாய் என்னுடன் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு வர ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் ஆணை வரும்வரை மூவரும் எங்கே உறங்குவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. எங்கள் நிர்வாகத்தில் ஒருவர், மகனை மாநகராட்சியின் ஆண்பிள்ளைகள் காப்பகத்தில் சேர்த்துவிட்டுத் தாயையும் மகளையும் இங்கே அழைத்து வரலாம் என்கிறார். அது எளிய தீர்வாகத் தோன்றினாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் தயக்கம் சரியா?


பதில் 6: ஓய்வுபெற்ற சமூக அமைப்பாளர்

சரிதான். அப்பாவின் அடிக்கு நடுவே நின்று தாயைக் காத்த பையனாக இருப்பான். அவனை முதல் வேலையாகத் தனியே பிரித்தால், தான்தான் பாரம் என்று எண்ணிக்கொள்வான். அந்த வயதுப் பையன் காப்பகச் சுவரேறிக் குதித்துச் சென்ட்ரலில் ரயில் ஏறுவது ஒன்றும் புதிதன்று. தாயும் நிம்மதியாக இருக்க மாட்டாள்.

முதலில் வட்டார அலுவலகத்தில், குடும்பமாகத் தங்க இடமளிக்கும் காப்பகம் எங்கேனும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தனித்தனிப் பிரிவுகளுக்குக் காப்பகம் என்பதில் குடும்பங்களுக்கானதும் அடங்கும் என்று திட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இல்லையென்று பதில் வந்தால் அந்தக் கடிதமே நாளைக்குப் பயன்படும்.

கூடவே வாடகை அறை பாருங்கள். அவர் எங்கே வேலை செய்கிறார், என்ன கூலி என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளைகளின் பள்ளியையும் அவர் வேலையையும் நடந்து எட்டும் தொலைவில் ஓர் அறை கிடைக்குமானால் அதற்கே முயலுங்கள். வாடகையைவிட அட்வான்ஸ்தான் தடையாக நிற்கும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னை வழக்கம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொன்னாலும், வீட்டுக்காரரிடம் சட்டம் பேசினால் வீடு கிடைக்காது. உங்கள் நிறுவனம் அந்த முன்பணத்தைத் தன் பெயரில் கட்டி, காலி செய்யும்போது திரும்பப் பெற்று அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கும்படி ஒரு சுழல்நிதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு படுக்கைக்கு ஆண்டு முழுதும் ஆகும் செலவோடு ஒப்பிட்டுக் காட்டினால் நிர்வாகம் இறங்கி வரலாம். "ஆம்பளை துணை இல்லாமலா?" என்று வீட்டுக்காரர் கேட்பார், நிறுவனத்தின் கடிதத்தோடு நீங்களே உடன் சென்று, மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும்.

அதுவரை, அவர்கள் மூவரும் இப்போது படுக்கும் இடத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் யார் என்று விசாரித்து, அங்கே மூத்தவராக இருக்கும் ஓர் ஆயாவிடம் சொல்லிவையுங்கள். பெட்டியையும் பள்ளிப்பைகளையும் உங்கள் காப்பகத்தில் வைத்துக்கொள்ளலாம், பகலில் குளிக்கவும் துணி துவைக்கவும் தாயும் மகளும் வந்து போகலாம் என்பதற்கு நிர்வாகத்தின் அனுமதியை இந்த வாரமே பெற்றுவிடுங்கள். பையனிடம் நீங்கள் தனியாகப் பேசியிருக்கிறீர்களா? எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, போகிறானா நின்றுவிட்டானா என்பது தெரிந்தால் மேற்கொண்டு எழுதுகிறேன்.